எஸ்தர் சிஸ்டரின் மூன்று வினாடி

மேடையில் ஏறி, "என்னைத் தெரியுதுங்களா சிஸ்டர்?" என்று கேட்டதுதான் மௌலீஸ்வரன் செய்த தவறு. கேட்காமல் மணமக்கள் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால், காளான் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் திருப்பூரில் நினைவுச் சில்லுகளுக்கு வேகம் கூட்டித் தரும் கடை வைத்திருப்பவன், தான் முடுக்கிய சில்லு சிஸ்டரின் தலைக்குள் ஊரார் முன்னால் பிய்த்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்த பிறகு, ஒரு கைதட்டலாவது வாங்காமல் இறங்குவானா?

எஸ்தர் சிஸ்டர் ஓய்வு பெற்ற நர்ஸ். அன்று அவருடைய மகனுக்குக் கல்யாண வரவேற்பு. பதினோரு மணியிலிருந்து மேடையேறிய அத்தனை பேரும் மணமக்களை விட்டுவிட்டு அவரிடம்தான் வந்தார்கள். "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்!" நம் ஊர்க் கல்யாணங்களில் இது கட்டாயப் பரீட்சை. பக்கவாதம் வந்து எழுந்தவர்களுக்குக் கேள்வித்தாள் இன்னும் கொஞ்சம் கடினமாக இருக்கும். சிஸ்டர் அன்று நூற்றுக்கு நூறு. கேள்வி முடிவதற்குள் பதில். "நீ அவிநாசி மேரியோட ரெண்டாவது. மாசி மாசம் பொறந்தே." "உனக்குக் கொடி சுத்தியிருந்துது, மறந்துட்டியா?" கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். மௌலி வரிசையில் நின்று, தானே பிரசவம் பார்த்ததுபோலப் பூரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா சாந்தாமணி, பட்டுப்புடவையில்.

அவன் முறை வந்தது. கேட்டான். பேண்டு வாத்தியக்காரர்கள் பாட்டை முடித்து மூச்சு வாங்கியது சரியாக அந்த நேரத்தில்தான்.

"உன்னத் தெரியாம என்ன மௌலி! தாளவாடிப் பொண்ணு பெத்துப் போட்டுட்டுப் போன பையன். அஞ்சாம் நம்பர் பெட். ரெண்டே முக்கால் கிலோ. நாந்தான தூக்கிட்டு வந்து சாந்தாமணி மடில வெச்சேன்!"

சிஸ்டர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அத்தனை பிரியமாக. மூன்று வினாடி கழித்துத்தான் அந்தச் சிரிப்பு உதிர்ந்து, முகம் சுண்ணாம்பாகிப் போனது. மௌலி அந்த மூன்று வினாடியைக் கவனித்தான். அதற்கு அர்த்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

முதலில் சுதாரித்தது அம்மா. "எம் பையன் ஒரு வேலையையும் முழுசாச் செய்ய மாட்டானுங்க," என்றாள், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். "அரகொறையா முடுக்கி உட்டிருக்கான். பாவம் சிஸ்டர், யாரு கதையவோ எடுத்து எங்க தலைல வெக்கறாங்க."

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு மண்டபமெங்கும் பரவியது. எல்லோரும் மௌலியைப் பார்த்தார்கள். அவன் என்ன செய்வான்? பிறந்ததிலிருந்து, அதாவது எங்கே பிறந்தானோ அங்கிருந்து, அவன் வாய் மூளையைக் கேட்டுப் பழக்கமில்லாதது. கைகூப்பிக் குனிந்து, "ஆமாங்க, நம்ம கைவண்ணந்தான். கடைப் பேரு துல்லியம். மறந்தும் வந்துராதீங்க!" என்றான். மண்டபமே சிரித்தது. பேண்டு மறுபடி தொடங்கியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பந்தியில் இலையில் போட்டதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

*

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் சிஸ்டர் கடைக்கு வந்தபோது, கஷ்டம் ஒன்றே ஒன்றுதான் என்றார்.

"பேரு வர மூணு செகண்டு ஆகுது தம்பி. அதுக்குள்ள அவங்களே சொல்லிடறாங்க. சொல்லிட்டு, ஐயோ பாவம்னு ஒரு பார்வ பாக்கறாங்க பாரு, அதத்தான் தாங்க முடியல. கல்யாணத்தன்னிக்கு மட்டுமாவது அந்தப் பார்வ இல்லாம நிக்கணும்."

பக்கவாதம் நினைவுகளை அழிப்பதில்லை. நினைவு கிடக்கிற இடத்துக்கும் நாக்குக்கும் நடுவே உள்ள வழியை அறுத்துவிடுகிறது. அறுந்த இடத்தில், காதுக்குப் பின்னால், ஒரு சில்லை வைக்கிறார்கள். அது உள்ளே இருப்பதை எடுத்து, கொஞ்சம் வைத்திருந்து, வெளியே கொடுக்கும். கம்பெனி அமைத்துக் கொடுப்பது நிதானமான வேகம். மௌலி போன்றவர்கள் பிழைப்பது அந்த நிதானத்தைக் குறைத்து.

"பனியன் குடோன் ஆள் மாதிரிங்க சிஸ்டர்," என்று விளக்கினான். "நீங்க நீலம், எம் சைஸுன்னு கேக்கறீங்க. அவன் உள்ள போயி ரேக்குல தேடி எடுத்துட்டு வரணும். கம்பெனிக்காரன், அவனுக்கு மூணு செகண்டு குடுன்னு வெச்சிருக்கான். நாம அர செகண்டுலயே கைய நீட்டுவோம்."

"அதுக்குள்ள கொண்டாரலீன்னா?"

"அதுக்குத்தான் வோல்டேஜ் கூட்டறது. அந்த ஆளுக்கு ஒரு ஸ்ட்ராங் டீ."

"டீ அதிகமாயிட்டா?"

"கை நடுங்கும். நீலம் கேட்டாப் பச்சையக் குடுத்துட்டு, நீலம்தான்னு சத்தியம் பண்ணுவான். சில்லு நின்னு போனாப் பரவால்லீங்க, தெரிஞ்சுரும். தப்பாக் குடுக்கறது வெளிய தெரியாது. அதனாலதான் எட்டு மணி நேரம் சோதன ஓட்டுவோம். குடுத்ததும் எடுத்ததும் ஒண்ணான்னு லட்சக்கணக்கான தடவ சரிபாக்கும்."

"எட்டு மணி நேரமா? வீடு நெறையச் சொந்தக்காரங்க தம்பி."

மௌலி நாற்பது நிமிடம் ஓட்டினான். பிழை பூஜ்யம். மீதி ஏழு மணி நேரம் இருபது நிமிடத்தைத் தன் தன்னம்பிக்கையால் நிரப்பி, சான்றிதழில் 'எட்டு மணி நேரச் சோதனை முடிந்தது' என்று முத்திரை குத்திக் கொடுத்தான். அன்று காலை அம்மா, "எஸ்தருக்கு மனசு வெச்சு நல்லாச் செஞ்சு குடு. நமக்கு அவங்க செஞ்சதுக்கு…" என்று தொடங்கி, முடிக்காமல் தோசையைத் திருப்பப் போனது அவனுக்கு ஞாபகம் இருந்தது. தன்னைப் பெற்ற பிரசவத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தான். ஒரு விதத்தில் சரிதான்.

*

கல்யாணத்துக்கு மறுநாளே ஊரில் செய்தி பழுத்துவிட்டது. மௌலி கைவைத்த சில்லு பொய் பேசும். மூன்று பேர் போன் செய்து, தங்கள் சில்லின் வேகத்தைப் பழையபடி குறைக்கச் சொன்னார்கள். நான்காவதாக, கிட்டுசாமி என்கிற ஓய்வு பெற்ற சாயப்பட்டறை மாஸ்டர், மனைவியையே கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இவளக் கூப்பிடறப்ப லலிதான்னு வந்துருச்சுங்க," என்றார். "எனக்கு லலிதான்னு யாரையும் தெரியாதுங்க. சில்லு கோளாறுதானுங்களே? நீங்களே சொல்லுங்க இவகிட்ட."

சில்லைத் தொட்டுப் பார்க்காமலேயே மௌலிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்த அம்மாளின் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. பொய் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற கண்களா, உண்மையைச் சொல் என்று அதட்டுகிற கண்களா என்று புரியவில்லை.

"நம்ம கோளாறுதானுங்க," என்றான். "மன்னிச்சுக்கங்க."

அவர்கள் போன பிறகு கடையில் தனியாக உட்கார்ந்தான். திருப்பூரில் எந்த ஆணுக்கு வாய் குழறினாலும் இனி பழி தன் தலையில்தான் என்பது ஒரு வகையில் வியாபார விரிவாக்கம்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை. நாற்பது நிமிடத்தை எட்டு மணி நேரம் என்று குத்திய முத்திரை மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டான். அப்புறமும் அது தெரிவதுபோலவே இருந்தது.

வீட்டில் அம்மா அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். அம்மா முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் உருப்படியை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை, கறை, பிசகிய தையல் எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். வேலையை விட்டாலும் அந்தக் கண் அவளை விடவில்லை. ஸ்டிக்கர் தாள்களும் வீட்டிலேயே இருந்தன. மௌலியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் கணக்குக்குப் பக்கத்தில் ஓர் அம்பு. அவன் அடித்த சுவர்ப் பெயிண்டில் நான்கு. கடை திறப்பு விழாவன்று பெயர்ப் பலகையில் ஒன்று. பத்து வயதில் அப்பா போன பிறகு அவனை ஒற்றையாளாக வளர்த்தவள், 'நல்லாருக்கு' என்று அவன் காதுபடச் சொன்னதில்லை. செக்கிங்கில் நல்லதுக்குப் பேர் 'பாஸ்'. அதையும் சொன்னதில்லை.

இந்த முறை அம்பு ஒட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, அந்தச் சிஸ்டர் சொன்னது…"

"உன்ர மெஷின் பேச்ச எங்கிட்டக் கேக்காத. தண்ணி வந்துருச்சா பாரு."

உடுமலையில் இருக்கும் தாய்மாமனுக்கு வீடியோ கால் போட்டான். மாமா நன்றாகத்தான் தெரிந்தார். கேள்வியைக் கேட்டு முடித்ததும், "மாப்ள, நெட்வொர்க்கு சரியில்லடா, நீ உடைஞ்சு உடைஞ்சு கேக்கறே," என்று சொல்லிவிட்டு, உறைந்துபோன படம்போல அசையாமல் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் மூக்கைப் பார்த்தான். அம்மாவின் மூக்கு என்று முப்பத்தெட்டு வருஷமாக எல்லோரும் சொன்ன மூக்கு. இப்போது அது யாருடைய மூக்கோ என்று சும்மா முகத்தில் நின்றது.

யோசித்துப் பார்த்தால் கணக்கு எளிது. வேலை சுத்தம் என்றால், அவன் சாந்தாமணி பெற்ற பிள்ளை இல்லை. சாந்தாமணி பெற்ற பிள்ளை என்றால், வேலை ஓட்டை. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். வாழ்க்கையில் முதல்முறையாக மௌலி, தன் வேலை ஓட்டையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

*

சிஸ்டரை வரச்சொன்னான். நாள் முழுக்க ஆகும் என்று யாரும் சொல்லாமலே அவர் டிபன் டப்பாவோடு வந்தார். காலை ஒன்பது மணிக்குச் சோதனையைத் தொடங்கினார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கினார், விழித்தார், ஜெபமாலையை உருட்டினார். ஐந்து மணிக்குத் திரையில் முடிவு வந்தது. பிழை பூஜ்யம்.

மறுநாளும் ஓட்டினான். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓட்டினான். சூட்டில்தான் சில்லு தடுமாறும். சிஸ்டர் முந்தானையால் விசிறிக்கொண்டே, "ஒரு தப்பாவது வருதா தம்பி?" என்று கேட்டார். அவர் குரலிலும் ஆசை இருந்தது.

"இல்லீங்க. ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கேன்," என்றான் மௌலி. இந்த வாக்கியத்தை இத்தனை துக்கத்தோடு சொல்ல வேண்டி வரும் என்று அவன் நினைத்ததில்லை.

கடைசியாகக் கல்யாண நாளின் பதிவை எடுத்தான். பதினொன்று நாற்பதுக்கு ஒரு நினைவு எடுக்கப்பட்டது. எடுத்ததும் கொடுத்ததும் ஒன்றே. பச்சை நிறத்தில் ஒரு வரி. எடுத்தது நிஜம்தானா என்பது மட்டும் சில்லுக்குத் தெரியாது. அது மனிதர்களின் துறை.

பதிவுகளை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு டீயைக் குறைத்தான், காத்திருப்பைக் கூட்டினான். பழைய மூன்று வினாடி திரும்பி வந்தது. சிஸ்டர் கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டார்.

"இப்பத்தான் நல்லாருக்கு."

"வேகமா இருந்தப்ப நல்லா இல்லீங்களா? நூத்துக்கு நூறு வாங்கினீங்களே."

அவர் கண்ணைத் திறந்தார். "வேகமா இருந்துது. ஆனா மனசுல வந்தது வாய்ல வந்துருச்சு. நடுவுல நான் இல்ல தம்பி." கையை நெற்றிக்கும் உதட்டுக்கும் நடுவே அசைத்துக் காட்டினார். "பிரசவ வார்டுல முப்பது வருஷம். யாரு எப்படிப் பொறந்தாங்க, யாரு எங்க போனாங்க, எல்லாம் எனக்குள்ள கெடக்குது. எல்லாரும் எங்கிட்ட வந்து என்னைத் தெரியுதான்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியும். எதச் சொல்றது, எத உடறதுன்னு பாக்கறதுக்கு ஒரு நொடி வேணுமே. பக்கவாதத்துக்கு முன்னாலயும் எனக்கு அந்த நொடி வேண்டியிருந்துது. அப்ப யாரும் பாவம்னு பாக்கல. சிஸ்டர் நெதானமானவங்கன்னு சொன்னாங்க."

மௌலிக்குக் காது சூடேறியது. குடோன் ஆளைப் பற்றி எவ்வளவு பேசினான்! ரேக்கிலிருந்து எடுத்து வந்தவன், கொடுப்பதற்கு முன்னால் வாசலில் நின்று, வாங்க வந்தவர் முகத்தை ஒருமுறை பார்ப்பான் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பார்வையைத்தான் வீண் தாமதம் என்று வெட்டி எறிந்திருக்கிறான். எறிந்துவிட்டு, மேடையேறிக் கைதட்டல் கேட்டிருக்கிறான்.

"சிஸ்டர், அன்னிக்கு நீங்க சொன்னது நெசமுங்களா?"

திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வினாடியில் பச்சை வரி விழுந்தது: எடுத்தாயிற்று, கொடுத்தாயிற்று. சிஸ்டர் பேசவில்லை. ஐந்து வினாடி. ஏழு. ஒன்பதாவது வினாடியில், மிகவும் நிதானமாக, "எனக்கு ஞாபகம் இல்ல சாமி," என்றார்.

மௌலி எட்டித் திரையை அணைத்தான். அவர் பொய் சொல்வதைத் திரை பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு மரியாதையாக இல்லை என்று பட்டது.

வாசல்வரை கொண்டுவிட்டபோது சிஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அது நர்ஸு சொல்ற விஷயம் இல்ல. சொன்னதுக்கு என்னை மன்னிச்சுரு."

"முடுக்குனது நானுங்க," என்றான். "மன்னிப்பு இந்தப் பக்கமிருந்துதான் போகணும்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா ஜன்னலடியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மௌலி எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கை உரிக்கத் தொடங்கினான். அவன் என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தான். தன்னைப் பெற்றது யார் என்று தெரிந்துகொள்வதைவிட, பத்து நாளாக வெளியே தலைகாட்டாமல் இருக்கும் இவளை ரேஷன் கடை வரையாவது நிமிர்ந்து நடக்கவைப்பது முக்கியம்.

"அம்மா, சிஸ்டர் சில்லச் சோதிச்சுப் பாத்தேன். நானூறு தப்பு. நீ சொன்னதுதான் சரி. அரகொறையாத்தான் முடுக்கியிருக்கேன். கடை வாசல்ல போர்டு எழுதி வெக்கப் போறேன். கல்யாணத்துல நடந்ததுக்கு நாந்தான் பொறுப்புன்னு."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ரிப்போர்ட்டு இருக்குமே?"

"எதுக்கும்மா அது. எல்லாம் நம்பரு."

"காட்டு."

"கடைல இருக்குது."

"சட்டப்பைல துருத்திட்டு இருக்குதே, அது என்ன?"

முப்பது வருஷம் செக்கிங் பார்த்த கண்ணிடம் பொய் சொல்வதற்கு மௌலி இன்னும் நிறையப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தான். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டினாள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், பனியனைப் பிடிப்பதுபோலவே. பிறகு விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். மூன்று தாள். ஒரு வரியையும் விடவில்லை. கடைசித் தாளில், பதினொன்று நாற்பது என்ற வரியில் விரல் நின்றது.

மௌலிக்கு நாக்கில் ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக்தான். மூன்று வினாடி பொறுத்தான். அது தானாகவே போய்விட்டது.

"பழுதில்லாத உருப்படிமேல அம்பு ஒட்டறது இருக்குதே," என்றாள் அம்மா, தாளைப் பார்த்தபடியே, "செக்கிங்குல அதுதான் பெரிய தப்பு. தெச்சவன் வயித்துல அடிக்கற மாதிரி. நான் ஒருநாளும் பண்ணதில்ல. மேடைல, அத்தன பேரு முன்னால, உன்மேல ஒட்டிட்டேன்."

"அம்மா, அதெல்லாம்…"

"சும்மா இரு." தாள்களை மடித்தாள். மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை பிரித்துத் திரும்ப மடித்தாள். அவன் கையில் கொடுத்தாள். "வேல சுத்தம். பாஸ்."

மௌலி தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்த சொல். கண் கலங்குவதற்கு வெங்காயம் கைவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அம்மா கத்தியை எடுத்தாள். ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். இரண்டாவதை எடுத்தபோது, ஏதோ உறுத்துவதுபோல நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"எஸ்தர் சொன்னதுல ஒண்ணு தப்பு. ரெண்டே முக்கால் கிலோ இல்ல நீ. ரெண்டு அறுநூறு. எனக்குச் சந்தேகம் வந்து மறுபடி எடை போடச் சொன்னேன்." வெங்காயத்தின் நுனியைக் கிள்ளினாள். "மத்ததெல்லாம் சரி."